பக்கத்துக் கொல்லையின் குளிர்ச்சி

2043 அக்டோபர் 5, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்குப் பகுதியில் நாற்பத்தோராயிரம் ஏக்கர் மக்காச்சோளம் ஒரே சமயத்தில் தன் இலைத்துளைகளை மூடிக்கொண்டது.

மூடச் சொன்னவர் அந்த விதையை உருவாக்கிய விஞ்ஞானி டாக்டர் பூங்கோதை. பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் கையில் டீக் குவளையோடு நின்றிருந்தார். "சரி, ரிஸ்வான்" என்றார். அவ்வளவுதான். விளக்குகளுக்குப் பொறுப்பான ரிஸ்வான் திரையைத் தொட்டான். புன்செய்க் கொல்லைகளில் நட்டிருந்த கம்பங்களின் உச்சியில் சிவப்பு விளக்குகள் மூன்று முறை மின்னி அணைந்தன. பயிரில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஓர் இலைகூட அசையவில்லை. திரையில் மட்டும், மண்ணிலிருந்து ஈரம் போகும் கோடு சரிந்து தரையைத் தொட்டது.

"வேலை செய்யுது மேடம்" என்றான் ரிஸ்வான். பூங்கோதைக்குப் பதினேழு வருட உழைப்பு அது. டீ ஆறிப்போனதை அவர் கவனிக்கவில்லை.

ஆடி மாதம் விதை கொடுத்தபோது தொண்டமாம்பட்டி பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பூங்கோதை இரண்டு நீள பலூன்களை முனைகளில் ஒட்டிக் கொண்டுபோயிருந்தார்.

"இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வாய் லட்சக்கணக்குல இருக்கு. ஒவ்வொரு வாய்க்கும் ரெண்டு உதடு. உதட்டுக்குள்ள பொட்டாஷ் வந்தா, அது பின்னாலயே தண்ணியும் வரும். உதடு உப்பி இப்படி வளையும், வாய் திறக்கும்." பலூன்களை ஊதிக் காட்டினார். நடுவில் இடைவெளி விழுந்தது. "பொட்டாஷ் வெளியே போனா தண்ணியும் கூடவே போயிரும். உதடு தொளதொளன்னு ஒட்டிக்கும். வாய் மூடிரும்."

"நாங்க மூட்டை மூட்டையாப் போடுறமே, அந்தப் பொட்டாஷா?" என்று கேட்டார் முன்வரிசையில் இருந்த துரைக்கண்ணு. ஊரில் பெரிய பட்டாதார் அவர்.

"அதேதான்."

"பொட்டாஷ் போற இடத்துக்கெல்லாம் தண்ணி பின்னாலயே போவுமாக்கும்" என்றாள் பின்னால் இருந்த கொளஞ்சி. "எங்க வூட்டுக்காரரு தலைவரு பின்னால போற மாதிரி."

கூட்டம் சிரித்து அடங்கிய பிறகு துரைக்கண்ணு மறுபடி எழுந்தார். "வெயில் ஏறினா பயிரு தன்னால வாய மூடிக்குமே மேடம். அதுக்கு எதுக்கு விளக்கு?"

"மூடும். ஆனா மெதுவா மூடும், அரைகுறையா மூடும். அதுக்குள்ள பாதி ஈரம் போயிரும். இந்த விதையில அந்தப் பொட்டாஷ் வழிய மாத்தி வச்சிருக்கோம். விளக்கு மின்னினா அரை நிமிஷத்துல எல்லா வாயும் இறுக்கி மூடிக்கும். காலையில வயிறார சாப்பிட்டுக்கும், பத்தரையிலேர்ந்து மூணரை வரைக்கும் வாயே திறக்காது. மழை பொய்ச்சாலும் மூணு வாரம் தாங்கும்."

"அப்ப அதுக்கு வேர்க்கவே வேர்க்காதா?" என்று கேட்டாள் கொளஞ்சிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பெண். அவள் பெயர் அஞ்சலை என்று பூங்கோதைக்கு அப்போது தெரியாது.

"வேர்க்காது. அந்த வேர்வைதான் நமக்கு மிச்சம்."

"குடுத்து வச்ச பயிரு" என்றாள் அஞ்சலை.

புரட்டாசியில் பகலில் பொன் உருகக் காயும், இரவில் மண் உருகப் பெய்யும் என்பார்கள். அந்த வருடம் முதல் பாதி மட்டும் நடந்தது. மானாவாரி மக்காச்சோளம் மார்பளவு வளர்ந்து, பூ எடுக்கும் நேரத்தில் மழை நின்றது. பக்கத்து மாவட்டத்தில் பழைய விதை போட்ட கொல்லைகள் ஒரே வாரத்தில் பழுப்பேறின. இங்கே பச்சை அப்படியே நின்றது. சென்னையிலிருந்து படம் பிடிக்க வந்தவர்கள், மாவட்ட எல்லையில் ஒரு காலைப் பச்சையிலும் ஒரு காலைப் பழுப்பிலும் வைத்து நின்று பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ரிஸ்வான் தயங்கித் தயங்கி வந்தான். "மேடம், தொண்டமாம்பட்டியில ஒரு அம்மா கொல்லையிலயே விழுந்து இறந்துட்டாங்களாம். களை எடுக்கப் போனவங்க. அஞ்சலைன்னு பேரு."

"வெயிலா?"

"மாரடைப்புன்னு எழுதியிருக்காங்க." கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். "இந்த வாரத்துல இது நாலாவது. நாலு பேரும் பொம்பளைங்க. நாலு பேரும் சோளக்கொல்லைக்குள்ள. ஒருத்தர்கூட ரோட்டுலயோ வீட்டுலயோ விழல."

மறுநாள் நண்பகலில் பூங்கோதை ரிஸ்வானோடு தொண்டமாம்பட்டிக்குப் போய் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒரு கொல்லைக்குள் இறங்கினார். வரப்பில் நின்றபோது வழக்கமான வெயில்தான். வரிசைகளுக்கு நடுவே இருபதடி நடந்ததும் மூச்சு தடைபட்டது. சூளையின் வாய்க்கு முன்னால் நிற்பது போல் இருந்தது. ஒதுங்கிக்கொள்ள ஓர் இலையைப் பிடித்து விலக்கினார். இலை சுட்டது.

அவர் கையை எடுக்கவில்லை. இருபது வருடமாக இலைகளைத் தொட்டு வருபவர். எவ்வளவு கொளுத்தினாலும், வேரில் ஈரம் உள்ள இலை நண்பகலில் தொட்டால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். சோளக்கொல்லைக்குள் நின்று வேலை செய்பவர்களை இத்தனை காலம் காத்தது அந்தக் குளிர்ச்சி. இதை ஒருவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டிய அவசியம் வந்ததில்லை.

கையிலிருந்த வெப்பம் அளக்கும் கருவி நாற்பத்தைந்து டிகிரி காட்டியது. பெரம்பலூர் வானிலை நிலையம் அன்றைக்கு முப்பத்தொன்பது என்று அறிவித்திருந்தது. அந்த நிலையத்தைச் சுற்றி வேப்பமரங்கள்.

ஜீப்புக்குத் திரும்பித் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். ரிஸ்வான் கருவியை வாங்கிப் பார்த்தான்.

"சோதனைத் திடல்ல அரை டிகிரிதானே மேடம் ஏறுச்சு?"

"திடல் எத்தனை ஏக்கர்?"

"ரெண்டு."

"சுத்தி என்ன இருந்துச்சு?"

அவன் யோசித்தான். சோதனை நடந்த மூன்று வருடமும் அவன் அங்கேதான் இருந்தான். "மூணு பக்கம் கரும்பு. கிழக்கால நெல்லு."

"எல்லாம் தண்ணி பாயுற வயலு. நம்ம பயிர் வாய மூடிக்கிட்டு நின்னப்ப, சுத்தி இருந்ததெல்லாம் வேர்த்துக்கிட்டே இருந்துச்சு. அந்தக் காத்துதான் நம்ம திடலுக்குள்ள வந்துச்சு."

"பக்கத்து வீட்டு ஏசியில படுத்துக்கிட்டு, வெயிலே இல்லன்னு சொல்லியிருக்கோம்" என்றான் ரிஸ்வான். சொன்ன பிறகு அது சிரிக்கும் விஷயம் இல்லை என்று தோன்றியதோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது நாற்பத்தோராயிரம் ஏக்கருக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லை.

ஜீப் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவனே கேட்டான். "திடலுக்கு மேற்கால கரும்பு வெட்டினாங்களே, அந்த வாரம் ஞாபகம் இருக்கா மேடம்? மூணு டிகிரி ஏறுச்சு."

"தோகை எரிச்ச சூடுன்னு சொன்னேன்."

"தோகை ஒரு சாயங்காலம்தான் எரிஞ்சுது."

"தெரியும்."

அப்போதும் தெரியும். அந்த வாரத்துக் கணக்கை விட்டுவிடலாம் என்று சொன்னவர் அவர்தான். அடுத்த வாரம் டெல்லியில் விதைக்கு அனுமதி கேட்கும் கூட்டம் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. கைக்கு எட்டிய முதல் காரணத்தை எடுத்துக்கொண்டார். இரண்டாவது காரணத்தைத் தேடிப் போகவில்லை.

அஞ்சலை வீட்டு வாசலில் பந்தல் பிரிக்காமல் இருந்தது. அவள் கணவன் பச்சமுத்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலை மழித்திருந்தார்.

"டாக்டரம்மா வருவீங்கன்னு நெனைக்கல."

சொல்லவேண்டியதை வழி நெடுகப் பூங்கோதை மனதில் கோத்து வைத்திருந்தார். திடலின் அளவிலிருந்து தொடங்குவதா, கரும்பிலிருந்து தொடங்குவதா என்று மட்டும் முடிவாகவில்லை. "காலையில சீக்கிரமே போயிட்டு வந்திருக்கலாமே" என்றுதான் வாயில் வந்தது. வந்ததும் தன் மீதே வெறுப்பாக இருந்தது.

"எங்கங்க? ஆக்கி வச்சுட்டு எறங்கவே ஒம்போது ஆயிரும். எறங்கினா ரெண்டு மணிக்குத்தான் கரையேறுறது. பொம்பளைங்க வேலை எந்நாளும் அதானே. கூலிக்குன்னாலும் அதான், சொந்த வேலைன்னாலும் அதான். அது நம்ம கொல்லைதான். ரெண்டு ஏக்கரு, குத்தகை. அரைப் பாத்தி பாக்கி, முடிச்சுட்டு வந்துடுறேன்னு போன்ல சொன்னா."

உள்ளே யாரோ காபிக்கு அடுப்பு மூட்டினார்கள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் பச்சமுத்து. "பூ எடுத்திருக்கு. இப்படியே மூடி மூடி வச்சா பயிரு நிக்குமா?"

"நிக்கும்."

"மழ வர்ற வரைக்கும்?"

"மூடினா நிக்கும்."

"அப்ப அது போதும். அவ போட்ட பயிரு."

காபி வந்தது. குடித்துவிட்டு எழுந்தார். கோத்து வைத்ததில் ஒரு சொல்லையும் அவர் சொல்லவில்லை.

இயக்குநர் ஞானசேகர் போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மூடறதை நிறுத்தினா என்ன ஆகும்?"

"பூ பிடிக்கிற நேரம் சார். பத்து நாள்ல மொத்தமும் காஞ்சிரும்."

"எத்தனை குடும்பம்?"

"பதினாறாயிரம்."

"அப்ப அந்தப் பேச்சை விடுங்க. பகல்ல கொல்லைக்குப் போகாதீங்கன்னு மைக் வைக்கச் சொல்றேன். வேற வழி இருந்தா யோசிங்க."

மைக் கட்டிய ஆட்டோ ஊர் ஊராகப் போனது. படைப்புழு குருத்துக்குள் இறங்கியிருந்த நேரம்; அன்றாடம் பார்க்காவிட்டால் கதிர் மிஞ்சாது. பெண்கள் ஆட்டோவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டுக் கொல்லைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பயிர் மூடப்பட்டது. அன்றைக்கு வேறோர் ஊரில் ஐந்தாவதாக ஒருத்தி விழுந்தாள்.

வழி ஒன்று இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்ததும் அந்தத் திடல்தான். மேல்காற்று அடிக்கும் பருவம் இது. பத்து ஏக்கருக்கு ஓர் ஏக்கரை மேற்கே திறந்து விட்டால் அது வேர்க்கும். அந்தக் காற்று மற்ற ஒன்பதையும் மூன்று நான்கு டிகிரி குளிர வைக்கும். பக்கத்துக் கொல்லை என்று ஒன்றை உண்டாக்க வேண்டும், அவ்வளவுதான். திறந்து விட்ட ஏக்கர் பத்து நாளில் காய்ந்துபோகும்.

ஞாயிறு மாலை தொண்டமாம்பட்டி பள்ளிக்கூடத்தில் மறுபடி கூட்டம். மற்ற ஊர்களில் நிலையத்தின் ஆட்கள் பேசினார்கள். இங்கே தானே பேசுவதாகப் பூங்கோதை வந்திருந்தார். இந்த முறை பலூன் இல்லை. வெப்பம் எப்படி ஏறியது என்பதை மறைக்காமல் சொன்னார். "இதை நான் முன்னாடியே பாத்திருக்கணும், பாக்கல" என்றும் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "யார் கொல்லையத் திறக்கிறதுன்னு நான் சொல்ல முடியாது. சம்மதிக்கிறவங்க சொல்லுங்க. பட்டாதாருக்கு அரசு ஈடு தரும்."

யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் துரைக்கண்ணு எழுந்து கையைத் தூக்கினார்.

"மேற்கால என் ரெண்டு ஏக்கர எடுத்துக்குங்க மேடம். ஊரு நல்லாயிருக்கணும்."

கை தட்டினார்கள். அவரைத் தொடர்ந்து கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அரை மணி நேரத்தில் தேவையான பத்தொன்பது துண்டும் கிடைத்துவிட்டன. இத்தனை பெருந்தன்மையைப் பூங்கோதை எதிர்பார்க்கவில்லை. துரைக்கண்ணுவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

வெளியே வரும்போது படியில் கொளஞ்சி உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய மனசு இல்ல டாக்டரம்மா எங்க ஊருக்காரவங்களுக்கு?"

"ஆமாம்மா."

"ஆமா, ஆமா. அடுத்தவன் சோத்த அள்ளி வைக்க எம்மாம் பெரிய மனசு."

பூங்கோதை நின்றார்.

"அந்த ரெண்டு ஏக்கர உழுது வெதச்சது யாரு, அவரா? அஞ்சல புருசன். கைய தூக்கின அத்தன பேரும் குத்தகைக்கு விட்டவங்கதான். தானே வெள்ளாம வைக்கிறவன் ஒருத்தன் தூக்கினானான்னு பாத்தீங்களா? பச்சமுத்து கூட்டத்துக்கே வரல. கருமாதிகூட முடியல, எப்படி வருவாரு?"

துரைக்கண்ணு இன்னும் வாசலில்தான் இருந்தார். பூங்கோதை கேட்டதும் அவர் மழுப்பவில்லை.

"வாய்ச்சொல் குத்தகைதான் மேடம். பட்டா என் பேருல. சட்டப்படி நான்தானே சம்மதிக்கணும்?"

"உங்க சொந்த வெள்ளாமை பதினோரு ஏக்கர் பக்கத்துலயே இருக்கே. அதுல ரெண்டைக் குடுக்கலாம்ல?"

"அது காத்துக்குக் கிழக்கால இருக்கு. மேற்கால இருக்கிறதத்தான் திறக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" அவர் குரலில் கேலி இல்லை. "பச்சமுத்துகிட்ட பக்குவமா நான் பேசிக்கிறேன். நீங்க மனச போட்டுக் குழப்பிக்காதீங்க."

இயக்குநரும் அதையேதான் சொன்னார். "பட்டாதார் சம்மதம் போதும், பூங்கோதை. குத்தகைக்குக் காகிதம் இருக்கா? இல்லாத ஒருத்தர்கிட்ட நாம எப்படிச் சம்மதம் வாங்குறது? வேற கொல்லை பாக்கணும்னா ஒரு வாரம் ஆகும். ஒரு வாரத்துக்கு எத்தனை பேர்னு நீங்களே சொல்லுங்க."

எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் திரையில் வரைபடம் தயாராக இருந்தது. மூடப்போகும் கொல்லைகள் பச்சை. திறந்து விடும் துண்டுகள் மஞ்சள். ஊருக்கு ஊர் மேற்கே, முத்து முத்தாக மஞ்சள். வேறு சமயமாக இருந்தால் அழகாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

"இதுல எத்தனை குத்தகைன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"பதிவே இல்லாததை எப்படி மேடம் தேடுறது?" என்றான் ரிஸ்வான். பிறகு ஒரு மஞ்சளை நோக்கி விரலை நீட்டி, "ஒண்ணை மட்டும் மாத்தலாம். பச்சமுத்து கம்பத்தையும் மூடுற பட்டியல்ல சேத்துடட்டுமா? யாருக்கும் தெரியாது" என்றான்.

பூங்கோதை வரைபடத்தில் அந்த மஞ்சளைப் பார்த்தார். அதற்குக் கிழக்கே பதினெட்டு ஏக்கர் பச்சை. அதற்குள் இந்நேரம் கொளஞ்சியும் மற்றவர்களும் இறங்கியிருப்பார்கள்.

"வேண்டாம்" என்றார். "மூடு."

விளக்குகள் மூன்று முறை மின்னின. மஞ்சள் துண்டுகளின் கம்பங்கள் மின்னவில்லை.

பதினோரு மணிக்கு உதவி எண்ணில் ஓர் அழைப்பு வந்தது. ரிஸ்வான் எடுத்தான். "ஆமாங்க... தொண்டமாம்பட்டியா... எந்தக் கம்பம்..." என்றவன் பேச்சை நிறுத்திப் பூங்கோதையைப் பார்த்தான். போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "பச்சமுத்து மேடம்" என்றான். "விளக்கு எரியலையாம். ரிப்பேர் பாக்க ஆள் அனுப்பணுமாம்."

பூங்கோதை கையை நீட்டி வாங்கினார்.

"டாக்டரம்மாவா? நல்லதாப் போச்சு. சுத்துப்பட்டு எல்லாக் கம்பமும் மின்னிச்சு, நம்மளுது மட்டும் மின்னல. கெட்டுப்போச்சு போல. வெயில் ஏறுது. சீக்கிரம் ஆள அனுப்புங்க."

"துரைக்கண்ணு உங்ககிட்ட பேசலையா?"

"அவரு எதுக்குப் பேசணும்?"

பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டார். "கம்பம் கெட்டுப்போகல. நாங்கதான் மின்ன விடல. உங்க கொல்லை திறந்திருந்தாத்தான் கிழக்கால இருக்கிறவங்களுக்குச் சூடு தாங்கும். நாலு நாளைக்கு முன்னாடி அப்படி ஒண்ணு திறந்திருந்தா..."

மறுமுனையில் காற்றுச் சத்தம் கேட்டது. சோளத்தோகைகள் உரசும் சத்தம்.

"நம்ம கொல்லைய யாரு எடுக்கச் சொன்னது?"

"துரைக்கண்ணு சம்மதிச்சாரு. எடுக்கச் சொன்னது நான்."

"அன்னைக்கு வந்து காபி குடிச்சுட்டு, மூடினா நிக்கும்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

அவர் திட்டுவார் என்று பூங்கோதை காத்திருந்தார்.

"இங்க குளிர்ச்சியாத்தான் இருக்கு" என்றார் பச்சமுத்து. பிறகு அழைப்பு நின்றது.

அக்டோபர் 12க்குப் பிறகு அந்த வட்டாரத்துச் சோளக்கொல்லைகளில் யாரும் இறக்கவில்லை. திறந்து விடப்பட்ட நான்காயிரத்து நூறு ஏக்கரும் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்தன. பச்சமுத்துவின் இரண்டு ஏக்கர் 21ஆம் தேதி காய்ந்தது. 23ஆம் தேதி மழை பெய்தது.